ஃப்ரிஹிலியானா: வெள்ளையடித்த மலையூருக்குப் போய்வர முழு வழிகாட்டி

தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா மாநிலத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை ஊர்கள் பல உண்டு. காதிஸ் பக்கத்து ஆர்கோஸ், கிராசலேமா, சஹாரா போன்றவை பெயர் பெற்றவை. முதல் தடவை போகிறவர்களுக்கு ஃப்ரிஹிலியானா வசதி. மாலகா மாகாணத்தின் அக்ஸார்க்கியா வட்டாரத்தில், கடலோர ஊரான நெர்ஹாவிலிருந்து 6 கிலோமீட்டர் மேலே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் 3,000 பேர் அளவில். கார் இல்லாமலும் போகலாம், ஒரே நாளில் கால்நடையாகச் சுற்றிவிடலாம், தெருவிலேயே வரலாறு எழுதி ஒட்டியிருக்கிறது.

ஆனால் இங்கே வருகிற பெரும்பாலோர் ஊரை அதன் மிக மோசமான நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடலோர விடுதிகளிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் காலை 11 மணி வாக்கில் வந்து சேரும். மாலை 5 மணிக்குள் கிளம்பிவிடும். அந்த ஆறு மணி நேரத்தில் சந்துகளில் ஆள் மேல் ஆள். வெயில் நேர் உச்சியில், வெள்ளைச் சுவர் கண்ணைக் குத்தும். ஊர்க்காரர்களோ 2 மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: காலை 9 மணிக்குள் ஊருக்குள் காலடி வையுங்கள், அல்லது ஓர் இரவு தங்குங்கள். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

எந்த மாதம்

மார்ச் நடுப்பகுதி முதல் மே முடிய, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 பாகைக்கு மேல் சர்வசாதாரணம். நம் ஊர் வெயில் பழகியவர்கள் ‘இதென்ன பெரிது’ என்று நினைக்கலாம். ஏற்றமும், வெள்ளைச் சுவரும், நிழலில்லாத படிகளும் சேரும்போது கதை வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை மழை விட்டுவிட்டு வரும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருந்தாலும் பழைய வீடுகளுக்குள் இரவில் குளிர் ஏறும், எனவே தங்குமிடத்தில் அறையைச் சூடாக்கும் வசதி உண்டா என்று கேட்டே முன்பதிவு செய்யுங்கள்.

திருவிழாவோடு சேர்த்துப் பார்க்க விரும்பினால்: ஜனவரி 20 காவல் புனிதர் சான் செபாஸ்தியான் ஊர்வலம், மே 3 சிலுவைத் திருநாள், தெருமுனைகளில் பூவால் சோடித்த சிலுவைகள், ஜூன் 13 ஒட்டி சான் அந்தோனியோ விழா. ஆகஸ்ட் கடைசியில் மூன்று பண்பாடுகளின் விழா நடக்கும். கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம் மூன்றையும் நினைவுகூரும் விழா அது. இசை, கடைவீதி, கடைக்குக் கடை சிறுதட்டு உணவு என்று கொண்டாட்டம் பெரிது. ஊர் அமைதியைத் தேடி வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது.

விசாவும் போய்ச் சேர்வதும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது ஏற்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, இடைநிலை அலுவலகத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேரம் ஒதுக்கி வாங்குவதுதான் சிரமமான பகுதி. விமான டிக்கெட்டைவிட அதை முதலில் கவனியுங்கள்.

இறங்க வேண்டிய விமான நிலையம் மாலகா. மத்ரித்தில் இறங்கினால் அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மாலகாவின் மரியா சம்பிரானோ நிலையம். ரயில் அதோடு சரி, நெர்ஹாவுக்குத் தண்டவாளம் கிடையாது.

1. ரயில் நிலையத்தை ஒட்டியே மாலகா பேருந்து நிலையம். அங்கிருந்து அல்சா நிறுவனப் பேருந்து நெர்ஹாவுக்கு அடிக்கடி உண்டு. விரைவு வண்டியானால் ஒரு மணி நேரம் போல ஆகும். கடற்கரை ஊர்களிலெல்லாம் நின்று போவதானால் ஒன்றரை மணிக்கு மேலும் இழுக்கும். டிக்கெட் வாங்கும்போது பயண நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

2. நெர்ஹாவில் இறங்கி ஃப்ரிஹிலியானா பேருந்துக்கு மாறவேண்டும். 15 முதல் 20 நிமிடப் பயணம், கட்டணம் 2 யூரோவுக்குள். ஓட்டுநரிடமே டிக்கெட். சில்லறை வைத்திருங்கள், 50 யூரோ நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்.

3. ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இந்தச் சிறு பேருந்துகள் குறையும் அல்லது ஓடவே ஓடாது. பலரின் திட்டம் கெடுவது இங்கேதான். முந்தைய நாள் மாலையே நெர்ஹா நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘லபோராப்லெஸ்’ என்றால் வேலை நாள், ‘ஃபெஸ்திவோஸ்’ என்றால் விடுமுறை நாள்.

4. பேருந்து இல்லையென்றால் டாக்சி. நெர்ஹாவிலிருந்து 15 யூரோவை ஒட்டி ஆகும். திரும்பும் கடைசிப் பேருந்தையும் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் வந்தால்

விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஏ-7 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து 292-ஆம் வெளியேறு வழியில் இறங்கி மலைச்சாலையில் ஏறினால் ஊர். இந்தப் பக்கம் சுங்கம் இல்லை. நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும், ஸ்பெயினில் வண்டி வலப்பக்கம் ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும். சும்மா முன்பதிவு செய்தால் கையால் கியர் மாற்றும் வண்டிதான் கிடைக்கும். தானியங்கி வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கைபேசி வரைபடத்தை நம்பாதீர்கள். தங்குமிடத்தின் முகவரியைப் போட்டால் அது கூசாமல் கழுதைப் பாதைக்குள் அனுப்பிவைக்கும். பழைய பகுதிக்குள் கார் போகாது. போகும் என்று நினைத்து நுழைந்தவர்கள் இரு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு பின்னோக்கியே இறங்க வேண்டியிருக்கும். ஊர் நுழைவிலுள்ள மூன்று பண்பாடுகள் சதுக்கத்தின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடப்பதே சரி. சாலையோரக் கோடுகளின் நிறத்துக்குப் பொருள் உண்டு: வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் கூடவே கூடாது.

காலில் என்ன, பையில் என்ன

தெருக்கள் கூழாங்கல் பாவியவை. கருங்கல்லும் வெண்கல்லும் மாற்றி மாற்றிப் பதித்து, கோலம் போல வடிவங்கள் போட்டிருப்பார்கள். பல நூறு பேர் கால் பட்டு அந்தக் கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன. காலையில் வாசல் கழுவிய ஈரத்தில் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். பள்ளம் வெட்டிய ரப்பர் அடி உள்ள ஷூ போடுங்கள். தோல் செருப்பு, உயர்குதிச் செருப்பு வேண்டாம்.

சக்கரப் பெட்டியை இந்தப் படிகளில் இழுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். தங்குவதாக இருந்தால் பெரிய பெட்டியைக் காரிலோ நெர்ஹாவிலோ விட்டுவிட்டு ஓர் இரவுத் துணியைத் தோள்பையில் கொண்டுவாருங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவதைவிட முன்கட்டிப் பையில் சுமப்பது எளிது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஊர் நுழைவுச் சதுக்கங்கள், முதன்மைத் தெருவின் தொடக்கம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பொம்மை ரயில் போன்ற சுற்றுலா வண்டி ஒன்று சாலை வழியே ஊரைச் சுற்றிக்காட்டும். வயதானவர்களுக்கு அது போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ‘நோ பொத்தாப்ளே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. குளிர்கண்ணாடி ஆடம்பரம் அல்ல, தேவை.

நடை: படிப்படியாக

*முதல் இடம், பிளாசா தெல் இன்ஹேனியோ.* பேருந்து நிற்பது இங்கேதான். எதிரே நிற்கும் பெரிய கட்டடம் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்ரிக்கே தெ லாரா பிரபுக் குடும்பம் கட்டிய மாளிகை. பின்னாளில் கரும்பாலை ஆனது, இன்றும் ஆலைதான். மலையுச்சியில் இடிந்த அரபுக் கோட்டையின் கற்களை இறக்கிக் கட்டியதாகச் சொல்வார்கள். அருங்காட்சியகம் என்று நினைத்துக் கதவைத் தட்டாதீர்கள்; உள்ளே சுற்றிக்காட்டுவார்கள் என்று நம்பி வரவும் வேண்டாம். பக்கத்தில் செங்கல் வளைவுகளோடு தெரிவது 1767-இல் எழுந்த தானியக் கிடங்கு.

*இரண்டாவது, அப்பேரோ இல்லம்.* முதன்மைத் தெருவான காயே ரெயாலில் ஏறத் தொடங்கியதும் கீழ்ப்பக்கம் இறங்கும் சரிவில் 17-ஆம் நூற்றாண்டு வீடு. சுற்றுலா அலுவலகமும் சிறிய தொல்பொருள் காட்சியகமும் இதற்குள் இருக்கின்றன. ஊர் வரைபடத்தை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். சந்துக்குள் கைபேசி சிக்னல் தடுமாறும்போது காகிதம்தான் கைகொடுக்கும்.

*மூன்றாவது, பாரிபார்த்தோ.* தெரு இரண்டாகப் பிரியும். நேரே போவது தேவாலயத்துக்கு. மேலே ஏறுவது எர்னாண்டோ எல் தார்ரா தெரு. மேலே ஏறுங்கள். ‘மேலூர்’ என்ற பொருளில் பாரிபார்த்தோ என்று அழைக்கப்படும் பழைய மொரிஸ்கோ குடியிருப்பு இதுதான். மொரிஸ்கோக்கள் என்பவர்கள், ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாதா வீழ்ந்த பிறகு கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவரான முஸ்லிம்கள்.

சுவர்களில் பதித்த வண்ண மட்பலகைகளைத் தேடிக்கொண்டே நடங்கள். மொத்தம் 12. அவை சொல்லும் கதையின் சுருக்கத்தை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஸ்பானிய எழுத்து புரியாவிட்டாலும் படம் புரியும். 1567-இல் இரண்டாம் பிலிப் மன்னர் மொரிஸ்கோக்களின் மொழி, உடை, பொதுக் குளியல் வழக்கம் எல்லாவற்றையும் தடைசெய்தார். 1568 டிசம்பரில் அல்புஹார்ரா மலைகளில் கலகம் வெடித்தது; அடுத்த வசந்தத்தில் இந்தப் பக்கத்துக்கும் பரவியது. சுற்று வட்டார மக்கள் குடும்பத்தோடு ஊருக்குப் பின்னாலிருக்கும் பாறைமலையில் ஏறி அரண் அமைத்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர்தான் எர்னாண்டோ எல் தார்ரா. மாலகாவிலிருந்து வந்த முதல் தாக்குதல் தோற்றது. பிறகு கப்பற்படை வீரர்களோடு மன்னரின் தளபதி லூயிஸ் தெ ரெக்கெசென்ஸ் வந்தார். 1569 ஜூன் 11-இல் மலையரண் வீழ்ந்தது. பெண்களும் மேலிருந்து கல்லுருட்டிப் போரிட்டார்கள் என்கின்றன அக்கால ஏடுகள். அதன்பின் ஊர் காலியானது. வேறு பகுதிகளிலிருந்து கிறிஸ்தவக் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். தோற்றவர் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பலகைகளை வரிசை தவறாமல் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், சந்துகள் விடாது. கொஞ்சம் வழி தவறுங்கள்; கீழே இறங்கினால் எப்படியும் காயே ரெயால் வந்துவிடும். வீடுகளுக்கு அடியில் குகை போலப் புகுந்து செல்லும் கூரையிட்ட நடைபாதைகளைத் தவறவிடாதீர்கள். ‘அதார்வே’ என்பார்கள்; அரபுக் காலத்து அமைப்பு. வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் உள்ளே கால் வைத்ததும் குளிர்ச்சி தெரியும். எல் சகத்தீன் என்ற சந்து மிகச் செங்குத்தானவற்றில் ஒன்று. இரு பக்கமும் பூந்தொட்டி. அங்கே படமெடுக்கக் காலை 9 மணிக்கே வரிசை தொடங்கும்.

*நான்காவது, கோட்டை மேடு.* பாரிபார்த்தோவின் மேல் விளிம்பிலிருந்து லீசார் கோட்டை இருந்த இடத்துக்குப் பாதை ஏறுகிறது, 20 நிமிடம் போல. கோட்டை என்று சொல்ல அங்கே மிச்சம் மிகக் கொஞ்சம். ஏறுவது காட்சிக்காக: கீழே கூரைகள், அப்பால் மத்தியதரைக் கடல், பின்னால் எல் ஃபுயெர்த்தே மலை. அதுதான் 1569-இன் போர்க்களம். தெளிவான குளிர்கால நாளில் கடலின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாகத் தெரியும், கோடையில் மூட்டம்.

*ஐந்தாவது, தேவாலயமும் பழைய நீரூற்றும்.* இறங்கி வந்தால் 1676-ஆம் ஆண்டு சான் அந்தோனியோ தேவாலயம். வெளியே எளிமை, உள்ளே மரக்கூரை. சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க ஏற்ற இடம். இன்னும் சற்று நடந்தால் ‘ஃபுயென்தே வியேஹா’, 17-ஆம் நூற்றாண்டு நீரூற்று. பிரபுக் குடும்பத்தின் சின்னம் பொறித்திருக்கும். ஆளுக்கும் ஆடுமாட்டுக்கும் தண்ணீர் தந்த இடம்.

நிதானமாக நடந்தால் மொத்தம் மூன்று மணி நேரம். கோட்டை மேட்டைச் சேர்த்தால் நான்கு.

வெள்ளைச் சுவரைப் பார்ப்பது எப்படி

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். ஊரே இந்தச் சுவரால் பெயர் பெற்றது, ஆனால் சுவருக்கு முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்கிறார்களே தவிர அதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

பழைய வீட்டுச் சுவரின் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையான விளிம்பே இருக்காது. சோப்புக்கட்டி தேய்ந்தது போல உருண்டிருக்கும். ஆண்டுதோறும் பூசிய சுண்ணாம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூலையை மழுக்கிவிட்டது. பெயர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கு அடுக்காகத் தெரியும். நடுவே எங்காவது இளநீலமோ காவியோ ஒரு கோடு இருந்தால் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு நிறம் மாற்றியிருக்கிறார் என்று பொருள்.

வேலை நடக்கும் முறை நமக்குத் தெரிந்ததுதான். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகையில் சுட்டால் அதிலிருக்கும் கரியமிலவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துப் பொங்கும். அந்தக் குழம்பை நீர்க்கக் கரைத்து, நனைத்த சுவரில் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று கை அடிப்பார்கள். காயும்போது காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை மறுபடி இழுத்துக்கொண்டு கல்லாகிவிடுகிறது. சுவர்மேல் இருப்பது சாயம் அல்ல, மெல்லிய கல் தோல். உச்சி வெயிலில் அடித்தால் ஈரம் போதாமல் கல்லாகும் முன்னே காய்ந்து, தொட்டால் மாவாக உதிரும். அதனால் காலையிலோ மேகமூட்டத்திலோதான் அடிப்பார்கள். வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிய நீலம் கலக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்ட தலைமுறைக்கு இது புதிதல்ல.

ஏன் வெள்ளை? வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பது ஒன்று. ஈரச் சுண்ணாம்பின் காரத்தன்மை கிருமியையும் பூஞ்சையையும் கொல்லும் என்பது மற்றொன்று. கொள்ளைநோய்க் காலங்களில் வெள்ளையடிக்கச் சொல்லி ஆணைகள் பிறந்ததும் இதனால்தான். மூன்றாவது, மலிவு: கல்லும் விறகும் மலையிலேயே கிடைத்தன. செவீயா மாகாணத்து மோரோன் தெ லா ஃப்ரோன்தேரா ஊரில் இந்தச் சுண்ணாம்புத் தொழிலை மீட்டெடுத்த முயற்சியை யுனெஸ்கோ 2011-இல் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று எல்லா வீடும் சுண்ணாம்பு அல்ல. பிளாஸ்டிக் பெயின்ட் நிறைய வந்துவிட்டது. வேறுபாடு கண்டுபிடிப்பது எளிது. சுண்ணாம்பு மங்கலான, பொடி படிந்த வெண்மை. விரலில் ஒட்டும், கறுப்புச் சட்டையோடு சாய்ந்தால் முதுகில் முத்திரை விழும். பெயின்ட் லேசாக மினுங்கும், விரலில் ஒட்டாது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு வழியே அது மூச்சுவிட்டு வெளியேறிவிடும், பெயின்ட் அடித்தால் உள்ளேயே சிக்கும். அதனால்தான் சில வீடுகளில் முழங்கால் உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக உப்பி, தோல் தோலாக உரிந்திருக்கும். அதைப் பார்த்ததும் ‘பராமரிப்பு இல்லை’ என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது தவறான பூச்சின் வேலை.

வெள்ளையைப் படமெடுக்க

படச்சட்டம் முழுக்க வெள்ளைச் சுவராக இருந்தால் கேமரா ‘ஒளி கூடிவிட்டது’ என்று தானே குறைத்து, சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கேமராவில் ஒளியளவை (exposure) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். நிழல் சந்தும் வெயில் சுவரும் ஒரே சட்டத்தில் வந்தால் நேர்மாறு: வெயில் பட்ட பகுதி வெளிறிப்போகும். கைபேசியில் வெயில் சுவரைத் தொட்டு ஒளியைக் குறைத்து எடுங்கள். நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெளிறிய வெள்ளையை மீட்க முடியாது. விளக்கு ஏற்றிய பின், வானம் இன்னும் நீலமாக இருக்கும் 20 நிமிடம்தான் ஊர் மிக அழகாக வரும். ஓர் இரவு தங்கச் சொல்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

வாசலில் காயப்போட்ட துணி, திண்ணை போலப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, இவை காட்சிப்பொருள் அல்ல. முகம் தெரிய எடுப்பதானால் ‘புயேதோ?’ என்று கேட்டுவிட்டு எடுங்கள், ‘எடுக்கலாமா?’ என்று பொருள். அடுத்தவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே கடும் எரிச்சலைக் கிளப்பும் செயல்.

கரும்புத் தேனும் சாப்பாடும்

‘மியெல் தெ கான்யா’ என்றால் நேர்ப்பொருள் கரும்புத் தேன். தேனீக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை: கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்த கருஞ்சிவப்புப் பாகு. வெல்லம் கட்டியாகும் முன் இறக்கிய பாகு என்று வைத்துக்கொள்ளலாம். சற்றுக் கசப்புப் பின்சுவை உண்டு. கரும்பை இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபியர். ஒரு காலத்தில் ஆலை மயமாக இருந்த பகுதி. இன்று ஐரோப்பாவில் இதைக் காய்ச்சும் மிகச் சில ஆலைகளில் சதுக்கத்தில் நீங்கள் பார்த்ததும் ஒன்று.

முதலில் கேட்க வேண்டியது ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல்’: மெல்லியதாக நறுக்கிய கத்தரிக்காயை மாவில் புரட்டிப் பொரித்து மேலே இந்தப் பாகை ஊற்றித் தருவார்கள். ஆறினால் சொதசொதத்துவிடும், வந்தவுடன் சாப்பிடுங்கள். ‘அஹோபிளாங்கோ’ பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காடி சேர்த்து அரைத்த குளிர்ச் சாறு, திராட்சை மிதக்கும். ‘சோத்தோ’ என்று பட்டியலில் பார்த்துவிட்டு நம் சோறு என்று ஆசைப்பட வேண்டாம். அது இளம் ஆட்டுக்குட்டி இறைச்சி, பூண்டோடு வரும், அசைவர்களுக்கு இந்த ஊரில் சாப்பிட வேண்டிய முதல் உணவு.

சைவர்கள் ஏமாறும் இடங்கள்: ‘கலந்த சாலட்’ என்றால் டூனா மீன் இருக்கும். சல்மொரேஹோ என்ற தக்காளிச் சாற்றின் மேல் பன்றி இறைச்சித் துருவலும் முட்டையும் தூவுவார்கள். பருப்புக் குழம்பில் பெரும்பாலும் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்து கிடக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது, ஹாமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை பலருக்கு இறைச்சிக் கணக்கில் வராது. ‘சின் கார்னே, சின் ஹாமோன், சின் அதூன்’ (இறைச்சி, ஹாமோன், டூனா இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கத்தரிக்காயை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கலாம். கண்டிப்பானவர்கள் அதையும் கேளுங்கள்.

நேரம் முக்கியம். மதியச் சமையல் ஒன்றரை முதல் 4 வரை. இரவு 8 மணிக்கு முன் அடுப்பு எரியாது. இடையில் பசித்தால் காபியும் ரொட்டியும்தான். வேலை நாள் மதியங்களில் 15 யூரோவை ஒட்டிக் கிடைக்கும் ‘மெனூ தெல் தியா’, அதாவது அன்றைய முழுச் சாப்பாடு, வயிற்றுக்கும் பணப்பைக்கும் நல்லது. உள்ளூர் மோஸ்கத்தேல் வகைத் திராட்சையின் இனிப்பு மதுவும் உலர்திராட்சையும் இந்த வட்டாரத்தின் பெருமை. சரிவில் பாய் விரித்தாற்போல வெயிலில் திராட்சை உலர்த்தும் முறையை உலக உணவு வேளாண் அமைப்பு 2017-இல் பாரம்பரிய வேளாண் முறையாக அங்கீகரித்தது.

ஊரைத் தாண்டி நடக்க

இன்ஹேனியோ சதுக்கத்தின் கீழிருந்து இகெரோன் ஆற்றுப் படுகைக்கு ஒரு சரிவுப் பாதை இறங்குகிறது. ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடந்தால் பாறை இடுக்குகள் நெருங்கும். ஒரு மணி நேர நடையில் சிறு நீர்க்குட்டை. கோடையில் படுகையின் பெரும்பகுதி வறண்டிருக்கும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கால் நனையும். மலையில் மழை பெய்த அன்றும் மறுநாளும் இறங்கவே வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே பெய்த வெள்ளம் இடுக்குக்குள் வந்துவிடும், ஏறித் தப்பக் கரை இருக்காது.

இன்னொரு நடை, அசெபுச்சால் என்ற சிற்றூருக்கு. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளி, கடைசியில் மண்பாதை. 1948-இல், மலையில் ஒளிந்திருந்த, சர்வாதிகாரி பிராங்கோவை எதிர்த்த கெரில்லாக்களுக்கு உணவு போகிறது என்ற ஐயத்தில் ஊரையே காலிசெய்யவைத்தார்கள். அரை நூற்றாண்டு இடிபாடாகக் கிடந்ததை 1998 முதல், வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் வீடு வீடாக மீண்டும் கட்டினார்கள். அங்கே ஓர் உணவகம் உண்டு. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நடங்கள், வழியில் கடை கிடையாது. இதெல்லாம் 1999-இல் அறிவித்த தேஹேதா, அல்மிஹாரா, அல்ஹாமா மலைப் பூங்காவை ஒட்டிய பகுதி. கோடையில் தீ மூட்டத் தடை. சிகரெட் துண்டையும் எறியாதீர்கள்.

தங்கலும் கிளம்பலும்

பாரிபார்த்தோவுக்குள் தங்கினால் காலை ஏழரைக்குக் கதவைத் திறந்ததும் ஊர் உங்களுடையது. ஆனால் முன்பதிவுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி? படுக்கையறை எந்த மாடியில்? வாசல் சாவியை யாரிடம், எத்தனை மணிக்குள் வாங்க வேண்டும்? ‘ஐந்து நிமிட நடை’ என்று பதில் வந்தால் படிக்கணக்கைத் திரும்பக் கேளுங்கள். பெட்டியோடு அது பதினைந்தாகும். மாடிப்படிகள் குறுகல், நிலைவாசல் தாழ்வு, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வாங்கிக்கொண்டு போவதானால் கரும்புத் தேன்தான் பொருத்தமானது. அது பாகு என்பதால் விமானப் பாதுகாப்பில் திரவமாகவே கணக்கிடுவார்கள்; 100 மில்லிக்கு மேல் கைப்பையில் வைத்தால் பறிபோகும். சரக்குப் பெட்டியில் வையுங்கள். கண்ணாடிப் புட்டியை விட்டுத் தகர டப்பா கிடைத்தால் அதை எடுங்கள். எதுவானாலும் மூடியை இறுக்கிச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி, பழைய துணிகளுக்கு நடுவில் வையுங்கள். கசிந்தால் பட்டுச்சேலையிலிருந்து அந்தக் கறையை எடுப்பது லேசில் ஆகாது.